‘வாழ்க்கைமுறை’ என்றொரு சொல்

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு பின்னிரவு. நம்மிடம் முன்பு முதுகலைத் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். மணமாகி இங்கிலாந்தின் நடுப்பகுதி நகரம் ஒன்றில் வாழ்பவள். முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் இரவுப்பணி பார்த்து வந்தவள். முப்பத்தேழாம் வாரத்தில் அவளுடைய முதற் குழந்தை வயிற்றிலேயே இறந்து, இரண்டு நாள் கழித்துப் பிறந்தது. பெண் குழந்தை. நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஊரில் பெற்றோரிடம் அழ முடியவில்லை, அவர்கள் அதைவிட அதிகமாக அழுகிறார்கள் என்றாள். சற்று நேரம் வேறு எதையோ பேசிவிட்டுக் கேட்டாள்: “அம்மா, நான் மல்லாந்து படுத்துத் தூங்கினதாலதான் போயிடுச்சா?”

“அப்படியெல்லாம் இல்லம்மா” என்று சொன்னோம். அது ஆறுதலே அன்றி விடை அன்று. அவளுக்கும் அது தெரியும். மகப்பேற்றுப் பிரிவில் தொடக்கத்தில் கொடுத்த கையேடுகளை அவள் குழந்தை இறந்த பிறகுதான் வரிவரியாகப் படித்திருக்கிறாள். மல்லாந்து படுத்தல், எடை, காபி, அகவை, புகை என்று ஒவ்வொரு தலைப்பாக எடுத்துத் தன்னைத் தானே விசாரித்து வந்திருக்கிறாள். புகை ஒன்றில் மட்டும் விடுதலை. மற்றவற்றில் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருந்தது.

மருத்துவம் நம் துறையன்று. ஆனால் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு விடை தெரியாவிட்டால் படித்துவிட்டு வந்து சொல்லும் பழக்கம் இருபதாண்டு ஆசிரியப் பணியில் நமக்கு ஒட்டிக்கொண்டது. இந்த ஆறேழு மாதமாகப் படித்ததில் தேறியதையும், அதன்மேல் நமக்கு எழுந்த ஒரு சினத்தையும் இங்கே எழுதிவைக்கத் தோன்றுகிறது.

முதலில் எண்ணிக்கை. இறந்து பிறத்தல் என்பதை எங்கிருந்து கணக்கிடுவது என்பதிலேயே நாடுகளுக்குள் ஒற்றுமை இல்லை. நாடுகளை ஒப்பிடும்போது உலக சுகாதார நிறுவனம் இருபத்தெட்டு வாரத்தை எல்லையாகக் கொள்கிறது. பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டின் எல்லையை இருபத்தெட்டிலிருந்து இருபத்து நான்காகக் குறைத்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இருபது. ஆகவே இருபத்திரண்டாம் வாரத்தில் உயிரின்றிப் பிறக்கும் மகவு மெல்போர்னில் பதிவேட்டில் ஏறும். லண்டனில் அது கருச்சிதைவு. (புறநானூற்றின் 74-ஆம் பாடல் நினைவுக்கு வராமல் போகாது. இறந்த குழவியையும், உருப்பெறாத ஊன்பிண்டமாய்ப் பிறந்ததையும்கூட ஆள் அன்று என்று ஒதுக்காமல் வாளால் தழும்பிட்டு அடக்கிய மறக்குல வழக்கை அது சொல்கிறது. கொடூரம் என்று வகுப்பில் மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். அதையும் ஓர் ஆளாக எண்ணினார்கள் என்பது இப்போதுதான் நமக்கு உறைக்கிறது. இங்கிலாந்து தன் இறந்து பிறந்த மகவுகளைப் பதிவு செய்யத் தொடங்கியது 1927-இல்தான்.)

இருபத்தெட்டு வார எல்லையை வைத்துப் பார்த்தாலும், வசதி படைத்த நாடுகளுக்குள் 2015-ஆம் ஆண்டின் கணக்கு ஆயிரம் பிறப்புக்கு 1.3 முதல் 8.8 வரை விரிகிறது. இவை யாவும் மருத்துவமனையும் வருடி எந்திரமும் குருதி வங்கியும் உள்ள நாடுகள். எல்லா நாடுகளும் மிகச் சிறந்த நாடுகளின் அளவை எட்டியிருந்தால் அந்த ஓராண்டில் மட்டும் பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மகவுகள் உயிரோடு பிறந்திருக்கும் என்று லான்செட் மருத்துவ இதழின் 2016-ஆம் ஆண்டுக் கட்டுரைத் தொடர் கணக்கிட்டது. விதி என்று சொல்லிக் கடந்துபோக முடியாத எண் இது.

அப்படியானால் காரணம் என்ன? இங்கேதான் ‘வாழ்க்கைமுறை’ என்ற சொல் உள்ளே வருகிறது. 2011-இல் அதே இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, மாற்றக்கூடிய இடர்க்காரணிகளை ஐந்து செல்வ நாடுகளின் தரவுகளைக் கொண்டு வரிசைப்படுத்தியது. தாயின் மிகை எடையும் உடற்பருமனும் முதலிடம். இறந்து பிறத்தல்களில் 8 முதல் 18 விழுக்காடு அதன் கணக்கில். முப்பத்தைந்தைக் கடந்த அகவைக்கு 7 முதல் 11 வரை. புகைபிடித்தலுக்கு 4 முதல் 7 வரை. ஆனால் நலிந்த சமூகங்களில் புகையின் பங்கு மட்டும் 20 விழுக்காடு வரை ஏறுகிறது. ஆய்வாளர்கள் கவனமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அக்கட்டுரை செய்தித்தாளுக்கும் அங்கிருந்து கையேட்டுக்கும் அங்கிருந்து ஒருத்தியின் நள்ளிரவுக்கும் வந்து சேரும்போது அந்தக் கவனம் வழியிலேயே சிந்திப்போகிறது.

ஊர் ஏரியில் நிறைந்த நீரில் இத்தனை பங்கு இந்த வாய்க்காலிலிருந்து வந்தது என்று அளந்து சொல்லலாம். ஏரியில் மொண்ட ஒரு குடத்தைக் காட்டி, இது எந்த வாய்க்கால் நீர் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. மேற்சொன்ன விழுக்காடுகள் ஏரியைப் பற்றியவை. என் மாணவி கையில் இருந்ததோ குடம். இடர் இருமடங்கு என்றால் என்ன பொருள் என்பதையும் எவரும் அவளுக்கு விளக்கவில்லை. இங்கிலாந்தில் அண்மை ஆண்டுகளில் ஆயிரம் பிறப்பில் நான்கு என்ற அளவில் இறந்து பிறத்தல் நிகழ்கிறது. அது இருமடங்கானால் எட்டு. ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு குழந்தைகள் அப்போதும் உயிரோடு பிறக்கின்றன. போதாக்குறைக்கு, செல்வ நாடுகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறப்புகளுக்கு எல்லாச் சோதனைக்குப் பிறகும் காரணம் புலப்படுவதில்லை. காரணம் இல்லாத இடத்தைக் குற்ற உணர்வு உடனே வந்து நிரப்பிக்கொள்கிறது.

அவள் கேட்ட முதற் கேள்விக்கே வருவோம். மல்லாந்து உறங்குதல். 2011-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஆய்வுதான் இதைப் பரவலாகப் பேசவைத்தது. பிறகு ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் ஆய்வுகள் வந்தன. அவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து 2019-இல் வெளியான பகுப்பாய்வு, இருபத்தெட்டு வாரத்துக்குப் பின் மல்லாந்து உறங்கச் சென்ற தாய்மார்க்கு இடர் ஏறத்தாழ 2.6 மடங்கு என்றும், எல்லோரும் ஒருக்களித்துப் படுத்தால் இவ்விறப்புகளில் ஏறக்குறைய ஆறு விழுக்காடு குறையலாம் என்றும் கூறியது. காரணமும் நம்பத்தக்கதே: நிறைமாதக் கருப்பை, கீழுடலிலிருந்து இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் பெருஞ்சிரையை அழுத்துகிறது. செலவில்லாத, யாரும் பின்பற்றக்கூடிய அறிவுரை. இதை மறைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் சொல்லத்தான் வேண்டும்.

ஆயினும் இரண்டு செய்திகளை அதனுடன் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்று, ஆய்வுகள் பேசுவது உறங்கச் செல்லும்போது இருந்த நிலையைப் பற்றி. விழித்தபோது இருந்த நிலையைப் பற்றியன்று. நடுவில் மல்லாந்து விழித்தால் திரும்பிப் படுத்துக்கொண்டால் போதும் என்றே பிரிட்டனின் அறிவுரையும் சொல்கிறது. மற்றொன்று, இவ்வாய்வுகளிற் பெரும்பாலானவை குழந்தையை இழந்த தாயிடம் சில வாரம் கழித்துச் சென்று, அன்றிரவு எப்படிப் படுத்தீர்கள் என்று கேட்டு எழுதப்பட்டவை. இழந்தவளின் நினைவு இழக்காதவளின் நினைவைப்போல இயங்காது. அமெரிக்காவில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் முன்கூட்டியே கேட்டுப் பின்தொடர்ந்த ஆய்வு, முப்பது வாரம் வரையிலான உறங்குநிலைக்கும் கேடான மகப்பேற்று விளைவுகளுக்கும் தொடர்பு காணவில்லை. கடைசி வாரங்களைப் பற்றி அது எதுவும் சொல்ல இயலாது. இத்தனையையும் மாணவியிடம் சொன்னோம். முழுதும் கேட்டுவிட்டு, “காலைல எட்டு மணிக்கு வேலை முடிஞ்சு வந்து எப்படி விழுந்தேனோ அப்படியே தூங்குவேன்” என்றாள். உறக்கநிலை ஒரு வாழ்க்கைமுறை என்றால், இரவு முழுவதும் முதியவர்களைத் தூக்கிப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்து விழுவதும் வாழ்க்கைமுறைதானா? நிறைமாதத்தில் அந்தப் பணிமுறையை அவளுக்கு ஒதுக்கியவர் பெயர் எந்த இடர்ப்பட்டியலிலும் வருவதில்லை.

‘முறை’ என்ற நம் சொல்லைக் கவனித்தால், அதற்கு ஒழுங்கு, நீதி, உறவு எனப் பல பொருள். எல்லாவற்றிலும் தேர்வும் இசைவும் உள்ளே இருக்கின்றன. ‘வாழ்க்கைமுறை’ என்றவுடன், ஒருத்தி கடையில் துணி எடுப்பதுபோல இதை எடுத்து அதை வைத்தாள் என்ற தோற்றம் வந்துவிடுகிறது. இந்தச் சொல் நமக்கு அயலிலிருந்து பெயர்ந்து வந்தது. வரும்போது அதன் குற்றப்பத்திரிகையையும் மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டது.

புகையை எடுத்துக்கொள்வோம். தாயின் தனிப்பட்ட குற்றம் என்று எல்லோரும் எளிதில் ஒப்பும் இடம் இதுதான். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு குருதியில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, நஞ்சுக்கொடி நலிகிறது, சிசுவின் வளர்ச்சி குன்றுகிறது, இதில் ஐயமில்லை. ஆனால் எது புகையைக் குறைத்தது என்று பார்த்தால் சுவையான இரண்டு கதைகள் கிடைக்கின்றன.

இங்கிலாந்தில் 2007 ஜூலை முதல் நாளில் மூடிய பொதுவிடங்களிலும் பணியிடங்களிலும் புகைபிடித்தல் தடை செய்யப்பட்டது. தாய்மார்களை நோக்கிய சட்டமன்று அது. மதுக்கூடத்தையும் அலுவலகத்தையும் நோக்கியது. பிற்பாடு 2015-இல் வெளியான ஆய்வொன்று, அச்சட்டத்தை ஒட்டி இறந்து பிறத்தல் 7.8 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. ஒரு தாயையும் யாரும் அதட்டவில்லை. அவளைச் சுற்றியிருந்த காற்று மாறியது, அவ்வளவே.

மற்றொன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்தது. புகைபிடிக்கும் கருவுற்ற பெண்கள் அறுநூற்றுச் சொச்சம் பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். இரு குழுவுக்கும் வழக்கமான ஆலோசனை உண்டு. ஒரு குழுவுக்கு மட்டும், விட்டுக்காட்டினால் மொத்தம் நானூறு பவுண்டு வரை கடைகளில் பொருள் வாங்கும் சீட்டுகள். கருவுற்ற காலத்தின் இறுதியில் ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 8.6 விழுக்காட்டினர் விட்டிருந்தனர். சீட்டுப் பெற்றவர்களில் 22.5 விழுக்காட்டினர். 2015-இல் முடிவு வெளியானபோது, ‘கெட்ட பழக்கத்துக்குக் கையூட்டா’ என்ற முணுமுணுப்பு எழுந்தது, இன்றும் எழுகிறது. அறிவுரைக்கு அசையாதவள் அரிசிக்கும் பாலுக்கும் அசைந்தாள் என்றால், அவளிடம் இல்லாதிருந்தது அறிவா பொருளா என்று முணுமுணுப்பவர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். 2023-இல் இங்கிலாந்து அரசே இத்தகைய திட்டத்தை நாடளாவ அறிவித்தது.

இங்கே இன்னொரு சிறு செய்தி. இங்கிலாந்தில் கருவுற்ற பெண் முதன்முறை பதிவுக்கு வரும்போது ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள். மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைட்டின் அளவு தெரிந்துவிடும். புகைக்கவே இல்லை என்கிற பெண்ணுக்கும் சில வேளை எண் உயர்ந்து நிற்கும். பொய் சொல்கிறாள் என்று முடிவுகட்டுவதற்கு முன், அவள் வீட்டு எரிவாயு அடுப்பும் வெந்நீர்க் கொதிகலனும் பழுதில்லாமல் இருக்கின்றனவா என்று கேட்கும்படி மருத்துவச்சிகளுக்கு அறிவுறுத்தப்பட்டிருக்கிறது. வாடகை வீட்டின் கொதிகலனைப் பழுதுபார்க்க வேண்டியவர் வீட்டு உரிமையாளர். அதே மூச்சு, அதே எண். ஒரு வீட்டில் அது தாயின் ஒழுக்கம், அடுத்த வீட்டில் உரிமையாளரின் கஞ்சத்தனம்.

எடையைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. அதைப் பற்றி நீட்டி எழுதுபவர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஸ்வீடனில் ஒன்றரை இலட்சம் பெண்களின் இரு பேறுகளை ஒப்பிட்டு 2006-இல் வந்த ஆய்வு, முதற் பேற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் உடல் நிறைக் குறியெண் மூன்றோ அதற்கு மேலோ கூடியவர்களுக்கு, எடை ஏறக்குறைய மாறாதிருந்தவர்களைவிட இறந்து பிறக்கும் இடர் 63 விழுக்காடு அதிகம் என்று கண்டது. மெய்யான தொடர்பு, சொல்லப்பட வேண்டியது. ஆனால் அந்த இடைக்காலம் என்பது ஒரு பெண் கைக்குழந்தையுடன் உறக்கமின்றி, நின்றவாக்கில் கிடைத்ததை விழுங்கும் காலம் என்பதை எந்தக் குறியெண்ணும் சொல்லாது. அகவையும் அப்படியே. படிப்பு முடிந்து, வேலை நிலைத்து, வீட்டுக் கடன் கிடைத்துப் பிள்ளை பெறலாம் என்று துணியும்போது முப்பத்தைந்து ஆகிவிடுவதைத் தனிமனிதத் தேர்வு என்பது, வெயிலில் நிற்பவனைப் பார்த்துக் கறுப்பைத் தேர்ந்துகொண்டான் என்பதற்கு நிகர்.

நம்மை மிகவும் தடுத்து நிறுத்தியது 2021-இல் லான்செட்டில் வந்த மற்றோர் ஆய்வு. 2015-க்கும் 2017-க்கும் இடையே இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் நிகழ்ந்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை அது எடுத்துக்கொண்டது. எல்லாத் தாய்மார்களுக்கும் மிக வசதியான பகுதியில் வாழ்பவர்களின் இடர் மட்டுமே இருந்திருந்தால், இறந்து பிறத்தல்களில் 24 விழுக்காடு நிகழ்ந்தே இராது. நான்கில் ஒன்று. புகை, எடை, இனம் ஆகியவற்றைக் கணக்கில் கழித்த பிறகும் 11.6 விழுக்காடு எஞ்சியது. அதாவது, தாயின் கெட்ட பழக்கங்கள் என்று சொல்லத்தக்க எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகும் வறுமை தன் பங்கை வாங்கிக்கொண்டுதான் போகிறது. கழித்ததாகச் சொல்லப்படும் பாதியும் வறுமைக்கு வெளியே விளைந்ததன்று. அதிலும் மிக நலிந்த பகுதிகளில் வாழும் தெற்காசியப் பெண்களிடையே நிகழ்ந்தவற்றில் பாதிக்கு மேல், கறுப்பினப் பெண்களிடையே நிகழ்ந்தவற்றில் அதைவிடவும் கூடுதல், இந்த ஏற்றத்தாழ்வின் கணக்கில் வந்தன.

தெற்காசியப் பெண்கள் என்றால் நம் பெண்களும்தான். இந்த இடத்தில் மருத்துவ உலகம் வேறொரு வழியில் சறுக்குகிறது: பழக்கத்தை விட்டுவிட்டு இனத்தைப் பிடித்துக்கொள்கிறது. 2021 மே மாதம், பிரசவ வலியைத் தூண்டுதல் பற்றிய பிரிட்டனின் வழிகாட்டு வரைவு, கறுப்பின, ஆசியப் பெண்களுக்கு முப்பத்தொன்பதாம் வாரத்திலேயே அதை முன்வைக்கலாம் என்றது. தோலின் நிறத்தைப் பார்த்தா வலியைத் தூண்டுவது என்று மருத்துவச்சிகளிடமிருந்தும் பெண்களிடமிருந்தும் கடும் எதிர்ப்பு எழ, நவம்பரில் வந்த இறுதி வடிவில் அப்பரிந்துரை நீக்கப்பட்டது. நீக்கியது சரியென்றே முதலில் நமக்கும் பட்டது. பிறகு மெல்போர்னைப் பற்றிப் படித்தோம். அங்கே தெற்காசியாவில் பிறந்த தாய்மார்க்கு, நிறைமாதத்தில் இடர் ஏறும் வேகம் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்களைவிட முன்னதாகவே தொடங்குவதைக் கண்ட மோனாஷ் ஹெல்த் மருத்துவச் சேவை, 2017-இல் அவர்களுக்கு மட்டும் முப்பத்தொன்பதாம் வாரத்திலிருந்தே சிசுவின் நலத்தைக் கண்காணிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. வலியைத் தூண்டுவதற்குப் பதிலாகக் கூடுதலாகக் கவனித்தார்கள். இனத்தைக் குறித்துவைப்பதே தவறு என்ற நம் முதல் எண்ணம் இங்கே ஆட்டங்கண்டது. குறித்துவைத்தபின் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

அயல்நாடொன்றில் மகப்பேற்று மருத்துவராக இருக்கும் நம் நண்பர் ஒருவரிடம் இந்தக் கட்டுரையின் கருத்தைச் சொன்னபோது அவர் பொறுமையிழந்தார். “உங்கள் இரக்கம் ஒரு குழந்தையையும் காப்பாற்றாது. நான் இன்று காலை ஒருத்தியிடம் புகையை விடு என்று சொன்னேன். சமூகத்தை மாற்றிவிட்டு வருகிறேன், அதுவரை வயிற்றில் வைத்துக்கொள் என்றா சொல்ல முடியும்?” என்றார். நியாயமான கேள்வி. அவருடைய அறையில் அமர்ந்திருப்பவள் ஒருத்தி. அவர் கையில் இருப்பது பதினைந்து நிமிடம். சொல்லத்தான் வேண்டும், வெட்கப்படுத்தாமல் சொல்ல வேண்டும் என்பதில் எங்களுக்குள் வேறுபாடில்லை.

ஆனால் சொன்னால் போதும் என்று ஓர் அரசு நினைக்கும்போதுதான் நமக்குச் சினம் வருகிறது. தாயிடம் விழிப்புணர்வை ஏற்படுத்துவதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட பேறுகளை உள்ளடக்கி 2018-இல் முடிவு வெளியான ஆய்வில், சிசுவின் அசைவு குறைவதைப் பற்றித் தாய்மார்க்கும் பணியாளர்க்கும் எடுத்துரைத்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற ஒழுங்கையும் வகுத்துக் கொடுத்தார்கள். இறந்து பிறத்தல் ஆயிரத்துக்கு 4.40 என்பதிலிருந்து 4.06 ஆயிற்று, தற்செயல் அன்று என்று சொல்லும் அளவுக்கான குறைவன்று. வலி தூண்டலும் அறுவைப் பேறும்தான் கூடின. இறந்து பிறத்தலை 2025-க்குள் பாதியாக்குவோம் என்பது இங்கிலாந்து அரசின் இலக்காக இருந்தது; 2010-இல் ஆயிரத்துக்கு ஐந்தைச் சற்றே தாண்டியிருந்தது, 2023-இலும் நான்கை ஒட்டியே நின்றது. ஃபின்லாந்து வேறு வழியில் போயிற்று. 1938-இல் ஏழைத் தாய்மார்க்கும் 1949 முதல் எல்லாத் தாய்மார்க்கும் குழந்தைக்கு வேண்டிய துணிமணிகள் நிறைந்த ஒரு பெட்டியை அரசு கொடுத்து வருகிறது. நிபந்தனை ஒன்றே: நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவரிடமோ தாய்நல நிலையத்துக்கோ வந்து தலைகாட்ட வேண்டும். பெட்டி மட்டுமே உயிரைக் காத்தது என்பதற்கில்லை. ஆனால் இறந்து பிறத்தல் மிகக் குறைந்த நாடுகளின் வரிசையில் ஃபின்லாந்து இருக்கிறது. வா என்று அழைப்பதும் ஏன் வரவில்லை என்று கேட்பதும் ஒன்றல்ல.

மாணவியுடன் மூன்றாம் முறை பேசியபோதுதான் அந்தச் செய்தி வந்தது, அதுவும் பேச்சுவாக்கில். குழந்தை இறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு, பணியிடத்திலிருந்தே அவள் மகப்பேற்றுப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறாள். அசைவு குறைவாகத் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறாள். குளிர்ந்த நீர் குடித்துவிட்டு இடப்பக்கமாகச் சற்றுப் படுத்துப் பாருங்கள், தேவையென்றால் காலையில் அழையுங்கள் என்றார்களாம். படுப்பதற்கு அங்கே இடமில்லை. பதினோரு முதியவர்களும் அவளும் இன்னொரு பணிப்பெண்ணும். காலையில் வீடு சென்று படுத்தாள். அப்போது மல்லாந்து படுத்தேனோ என்பதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. அந்த அழைப்பைப் பற்றி ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டோம். “அவங்க பிசியா இருந்திருப்பாங்கம்மா. என் இங்கிலீஷும் பதற்றத்துல சரியா வராது” என்றாள்.

2013-இல் பிரிட்டனில் நிறைமாதத்தில், வலி தொடங்குமுன் இறந்துபோன மகவுகளைப் பற்றி அந்நாட்டு நிபுணர் குழு நடத்திய விசாரணையின் அறிக்கை 2015-இல் வெளிவந்தது. பத்தில் ஆறு இறப்புகளில், பராமரிப்பு வேறுவிதமாக இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கக்கூடும் என்று அது கண்டது. தாய்மார்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அசைவு குறைந்ததையோ மாறியதையோ நின்றதையோ சொல்லி மருத்துவமனையைத் தொடர்பு கொண்டவர்கள். அவர்களிலும் பாதிப்பேர் வகையில், காப்பாற்றியிருக்கக்கூடிய வாய்ப்பு நழுவிப்போயிருந்தது. கருக்கால நீரிழிவுக்கு இடமுள்ளவர்களில் மூன்றில் இரு பங்கினர்க்குச் சோதனையே முன்வைக்கப்படவில்லை. தெற்காசியக் குடிவழியும் அந்நாட்டு வழிகாட்டுதலின்படி அத்தகைய இடர்க்குறிகளுள் ஒன்று. அந்த அறிக்கைக்குப் பிறகு எவ்வளவோ திருத்தம் நடந்திருக்கிறது. அசைவு குறைந்தால் காத்திருக்காதீர்கள், உடனே அழையுங்கள் என்று கையேடுகளில் இப்போது தடித்த எழுத்தில் போடுகிறார்கள். அவளும் அழைத்தாள்.

2018 முதல் பிரிட்டனில் ஒவ்வோர் இறப்பையும் மருத்துவமனை முறைப்படி மறுஆய்வு செய்வதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. பெற்றோர் தம் கேள்விகளை எழுதிக் கொடுக்கலாம். மாணவி எழுதியதை நம் பார்வைக்கு அனுப்பியிருந்தாள். ஆங்கிலத்தில் ஐந்து கேள்விகள். முதலாவது, நான் உறங்கிய விதம் காரணமா? இரண்டாவது, என் எடை காரணமா? மூன்றாவது, நான் காபி குடித்தது காரணமா? நான்காவது, இரவுப்பணி. வெள்ளிக்கிழமை அழைப்பு ஐந்தாவதாக, அடைப்புக்குறிக்குள், மன்னிப்புக் கேட்கும் தொனியில் இருந்தது.

நாம் செய்ததெல்லாம் தேர்வுத்தாள் திருத்தும் வேலைதான். அடைப்புக்குறியை நீக்கி, ஐந்தாவதை முதலாவதாக்கி, அழைத்த மணியையும் பேசிய நிமிடங்களையும் கைப்பேசியில் பார்த்துச் சேர்க்கச் சொன்னோம். இரவு 11.40, நான்கு நிமிடம். ஊரில் வைத்த பெயரையும் மேலே எழுதச் சொன்னோம். உறங்கிய விதத்தைப் பற்றிய கேள்வியை எடுத்துவிடலாமே என்றதற்கு அவள் இசையவில்லை. “கடைசியிலயாவது இருக்கட்டும்மா” என்றாள். இருக்கிறது.